இரண்டு கப்பல்கள்

உல்லாசக் கப்பல் என்பது கடலில் மிதக்கும் ஒரு சிற்றூர். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்த 'எம்பிரஸ்' அத்தகையது. அதன் 11 தளங்களில் தங்கும் அறைகள், உணவகங்கள், நீச்சல் தடாகம் எல்லாம் உண்டு. குடும்பத்தோடு செல்வோர் உறங்கும் வேளையிலும் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும். துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு, அதே அறைக்குத் திரும்பிவிடலாம். இங்கே பயணமே விடுமுறை.

ஆனால், தெரணியகலை போன்ற தோட்டப்புறங்களின் முதியவர்களுக்குக் கப்பல் என்றதும் நினைவுக்கு வருவது வேறொன்று. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என முடிவாயிற்று. பலர் தலைமன்னார் வரை கோச்சியில் சென்று, 'இராமானுஜம்' கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். கடற்பயணம் சில மணி நேரமே. ஆயினும் அண்ணன் அங்கே, தங்கை இங்கே எனக் குடும்பங்கள் பிரிந்தன.

உல்லாசப் பயணிக்கு வீடு திரும்பும் நாள் முன்பே தெரியும். அவர்களுக்கோ திரும்பும் நாளே இருக்கவில்லை. உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் அன்று கப்பலேறினார்களா? பாட்டியிடம் கேட்டு, அவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள்.