கார்டன் – தோட்டம் – வத்தை



சொற்களைப் பற்றிய நமது தொடரில் இன்று 'கார்டன்' என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லை எடுத்துக்கொள்வோம். பாலர் வகுப்பிலேயே படித்த சொல்தான். பொருள் கேட்டால் 'தோட்டம்' என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால், எந்தத் தோட்டம்?

இச்சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதன் வேர்ப்பொருள் 'அடைக்கப்பட்ட இடம்' என்பதாகும். 'யார்ட்' என்ற சொல் இதற்கு உடன்பிறப்பு. வீட்டை ஒட்டிய நிலத்தை இங்கிலாந்தில் 'கார்டன்' என்பார்கள். அமெரிக்காவில் 'யார்ட்' என்பார்கள். ஆக, பூவும் புல்லும் பிறகு வந்தவை. முதலில் இருந்தது வேலிதான். சுவர்க்கத்தைக் குறிக்கும் 'பாரடைஸ்' என்ற சொல்லும் பழைய ஈரானிய மொழியில் மதில் சூழ்ந்த இடத்தையே குறித்தது. அரபுச் சொல்லான 'ஜன்னத்' வேறு விதமானது. அதன் வேர் 'மறைத்தல்'. நிலத்தை மூடி மறைக்கும் மரநிழலைப் பார்த்துப் பிறந்த பெயர் அது. ஒரு மொழி வேலியைப் பார்த்தது. இன்னொரு மொழி நிழலைப் பார்த்தது.

வழக்கில் இச்சொல் பல கிளைகள் விட்டிருக்கிறது. ஜெர்மானியக் கல்வியாளர் புரோபல் 1840இல் தமது சிறுவர் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். ஒருவரைத் 'தோட்டத்துப் பாதையில் கூட்டிப்போனார்கள்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், ஏமாற்றினார்கள் என்று பொருள். 'சாதாரணம் அல்லது தோட்டம்' என்றொரு தொடரும் உண்டு. எங்கும் காணக்கூடிய மிகச் சாமானியமான ஒன்றை அது குறிக்கும்.

தமிழிலோ சோலை வேறு, தோப்பு வேறு, நந்தவனம் வேறு, கொல்லை வேறு. தோட்டம் என்ற ஒரு சொல்லே இலங்கையில் ஊருக்கு ஊர் பொருள் மாறுகிறது. யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் செம்மண் நிலம். 'தோட்டம் செய்கிறவர்' என்பது அங்கே மதிப்பான பேச்சு. மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலையும் லயமும். அந்த உழைப்பாளர்களை இழிவுபடுத்த அதே சொல்லிலிருந்து ஒரு வசையையும் உண்டாக்கினார்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 'மலையகத் தமிழர்' என்ற பெயரை அவர்கள் ஏன் தாமாகவே தேடிக்கொண்டார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

இனிக் கொழும்புக்கு வருவோம். சிங்களத்தில் 'வத்த' என்றால் தோட்டம். வெள்ளவத்தை மணல் தோட்டம். நான் பிறந்து வளர்ந்த மாளிகாவத்தை மாளிகைத் தோட்டம். கறுவாத்தோட்டம் ஒல்லாந்தர் காலத்துக் கறுவாச் செய்கையின் நினைவு. 1921இல் இந்நகருக்குத் திட்டம் தயாரித்த பெட்ரிக் கெடிஸ் கொழும்பை ஒரு பூங்கா நகரமாகக் கனவு கண்டார். ஆனால் மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் 'தோட்டம்' என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் நிலைத்துவிட்டது. பழைய வளவுகளில் நெருக்கமாகக் கட்டப்பட்ட வரிசை வீடுகள், பல குடும்பங்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய், பொதுக் கழிப்பறை – அதுவும் தோட்டம்தான். மரம் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

நாங்கள் இருந்ததும் அப்படியொரு தோட்டத்தில்தான். படிப்பை முடித்துவிட்டு ஓரிடத்தில் வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகப் பரீட்சையில் அதிகாரி என் விலாசத்தை வாசித்தார். "வத்தையா?" என்று கேட்டார். அதன் பிறகு என் சான்றிதழ்களை அவர் புரட்டவில்லை. அடுத்த விண்ணப்பத்தில், ஒரு நண்பரின் யோசனைப்படி, 'வத்த' என்பதை எடுத்துவிட்டுக் 'கார்டன்' என்று எழுதினேன். வேலை கிடைத்தது. வீடு அதே வீடு. கடிதம் கொண்டுவந்த தபாற்காரரும் அதே ஆள்.

உம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டும் ஒண்டுதானே மகன்?" என்று கேட்டார். வாசற்படியருகே ஒரு பழைய மாத்தகரத்தில் ரம்பை நட்டிருந்தார். பேசிக்கொண்டே அதற்குத் தண்ணீர் ஊற்றினார்.

அகராதியின்படி உம்மா சொன்னது சரி. இரண்டும் ஒன்றுதான். ஆனால் நகரத்தின் காதில் ஆங்கிலத்தில் சொன்னால் பங்களாவும் புல்வெளியும், சிங்களத்திலும் தமிழிலும் சொன்னால் சேரி என்று விழுகிறது. வேர்ப்பொருளில் இருந்த வேலி இன்னும் விழவில்லை போலும்! சொல்லுக்குப் பொருள் தருகிறவர்கள் அகராதிக்காரர்கள் மட்டுமல்லர், விலாசத்தை வாசிக்கிறவர்களும்தான்.

உங்கள் ஊரில் தோட்டம் என்ற சொல் எதைக் குறிக்கிறது? எழுதுங்கள் நேயர்களே. அடுத்த வாரம் வேறொரு சொல்லோடு சந்திப்போம்.