ஒரே மானியில் ஒவ்வொரு கருவியின் கணக்கு

வீட்டு மின்மானி மொத்த யூனிட்டுகளை மட்டுமே காட்டுவதால், அவற்றுள் குளிர்பதனப்பெட்டியின் பங்கு எவ்வளவு, வெந்நீர்க் கருவியின் பங்கு எவ்வளவு என்பதை அதைப் பார்த்து அறிய இயலாது. ஒவ்வொரு கருவிக்கும் தனி மானி பொருத்துவதோ செலவு மிக்கது. எனவே மின்சாரம் வீட்டினுள் நுழையும் இடத்தில் ஓர் உணரியை, அதாவது மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் இடைவிடாது அளந்து எண்களாகத் தரும் சிறு கருவியை, அமைத்து, அந்த மொத்த அளவிலிருந்தே தனித்தனிப் பயன்பாட்டைப் பிரித்தறியும் முறையை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜார்ஜ் ஹார்ட் 1980களில் வகுத்து, 1992இல் விரிவான ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். கருவிகள் எதையும் தொடாமலே அவற்றின் மின்சுமையை அறிவதால் இது ஊடுருவாச் சுமைக் கண்காணிப்பு எனப்படுகிறது.

2,000 வாட் வெந்நீர்க் கருவியைப் போட்டதும் வீட்டின் மொத்தத் திறன் படிக்கட்டுப் போல அவ்வளவு உயர்ந்து, அணைத்ததும் அதே அளவு இறங்குகிறது. வெப்பச்சுருள் கொண்ட கருவிகள் பெறும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிவிட, மோட்டார் கொண்டவை பயனாக மாறும் மெய்த்திறனோடு, காந்தப்புலத்தை உண்டாக்குவதற்காகக் கம்பிக்கும் கருவிக்கும் இடையே சென்று திரும்பும் எதிர்வினைத் திறனையும் நாடுவதால், வாட் அளவு ஒத்த இரண்டையும்கூட வேறுபடுத்த முடிகிறது.

மொத்தத் திறனில் ஒவ்வொரு கருவியும் விட்டுச்செல்லும் இத்தகைய தடங்களை மனிதர் விதியாக எழுதித் தராமல், கருவியின் பெயர் குறிக்கப்பட்ட பதிவுகளிலிருந்து கணினியே கண்டுகொள்வது இயந்திரக் கற்றல் ஆகும். 2015இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பல அடுக்குக் கணக்கீடுகளால் அமைந்த நரம்பியல் வலையமைப்புகளை இப்பணியில் ஈடுபடுத்தினர். ஒரு நாட்டின் பதிவு மற்றொரு நாட்டுக்கு அப்படியே பொருந்தாது என்பதால், 2013இல் தில்லி வீடொன்றில் 73 நாள் திரட்டப்பட்ட அளவீடுகள், மின்தடையும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் மிக்க சூழலைப் பதிவு செய்த வகையில் மதிப்புடையவை. எனினும் திறனைச் சிறுகச் சிறுக மாற்றும் இன்வெர்ட்டர் குளிர்சாதனங்கள் தெளிவான படிகளைக் காட்டாமையால், அவற்றைப் பிரித்தறிவது இன்றும் கடினமே.

அணைக்கப்பட்டதாகத் தோன்றியும் இருபது வாட் உறிஞ்சிக்கொண்டிருக்கும் கருவிகள் முப்பது நாளில் 14.4 யூனிட்டை வீணாக்குவதை இம்முறை வெளிப்படுத்தவல்லது. ஆனால் அதே பதிவு வீட்டார் எழும் நேரத்தையும் இல்லாத நேரத்தையும் பிறருக்குக் காட்டிக்கொடுக்கும் என்று ஹார்ட் 1989லேயே எச்சரித்தார். ஆகவே பதிவின் உரிமை வீட்டாரிடமே இருத்தல் வேண்டும். கணினி விரயத்தைச் சுட்டலாம், அதைக் களைவது அவர்கள் கையிலேயே உள்ளது.