வேன் கிளம்புது, வேலூர் சாலையில்!

சென்னையிலுள்ள பழைய நண்பர்களைப் பார்க்க வேனில் படுக்கை, அடுப்போடு கிளம்புகிறீர்களா? திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலிலிருந்து வேலூர் சாலையைப் பிடியுங்கள். கலை பார்க்கச் சென்னை வரை காத்திருக்க வேண்டாம். போளூருக்கு அப்பால் திருமலையில், சமணக் குகைக்குள் பழைய வண்ண ஓவியங்கள்; மேலே பாறையில் 16 மீட்டர் உயரத் தீர்த்தங்கரர் நேமிநாதர் சிலை. அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும்! அடுத்து வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் சிலை. அவருக்கென்று தனியே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், தப்பில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம். வெள்ளிக்கிழமை மட்டும் நண்பர்கள் வீட்டில் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.