இணைப்பு அடிக்கடி அறுகிறதா? டயல்-அப் சொல்லித்தரும் வழி

இன்டர்நெட் இணைப்பு கிடைக்கிறது. நான்கு நிமிடத்தில் போய்விடுகிறது. மறுபடி கிடைக்கிறது, மறுபடி போய்விடுகிறது. அடியோடு நின்றுபோன இணைப்பில் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. இப்படி வந்து வந்து போனால் கம்ப்யூட்டரைச் சந்தேகிப்பதா, மோடத்தையா, லைனையா என்று புரியாது. எங்கள் ஏனாத்தூர் போன்ற கிராமங்களில் இது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாள் மாலையில் இணைப்பு போனால், பஸ் பிடித்து உத்திரமேரூரோ காஞ்சிபுரமோ போய்ச் சேர்வதற்குள் பிரவுசிங் சென்டரை மூடிவிடுவார்கள்.

இந்தியாவில் விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது வீடுகளுக்கு வந்தது டயல்-அப் இணைப்புதான். இன்று அது வீடுகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனமும் 2025 செப்டம்பர் 30 அன்று தன் டயல்-அப் சேவையை நிறுத்திவிட்டது. ஆனால் டயல்-அப்பில் கோளாறு தேடிய முறை இன்றைய பைபர் இணைப்புக்கும் அப்படியே பொருந்தும். பாதையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். எந்தத் துண்டு நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக உறுதி செய்யுங்கள். அதற்கு முன் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம், புது ரூட்டர் வாங்கவும் வேண்டாம்.

வீட்டுக்குள்ளா, வெளியிலா?

டயல்-அப்பின் முதல் சோதனைக் கருவி டெலிபோன் ரிசீவர்தான். அதை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்தினால் டயல் டோன் நின்று லைன் அமைதியாகும். அந்த அமைதியில் கரகரவென்று சத்தம் கேட்டால் லைனில் எங்கோ ஈரமோ, துருப்பிடித்த ஜாயின்ட்டோ இருக்கிறது. நம் காது அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தாது. ஆனால் மோடத்துக்கு அதுவே எமன்.

அடுத்து, வீட்டிலுள்ள கூடுதல் போன்களையும் காலர் ஐடி பெட்டியையும் கழற்றிவிட்டு, லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே மோடத்தை நேராக மாட்டிப் பார்ப்பார்கள். இணைப்பு நிலைத்தால் கோளாறு வீட்டு வயரிங்கில். அங்கும் அறுந்தால் அதே மோடத்தைப் பக்கத்து வீட்டு லைனில் மாட்டிப் பார்க்கலாம். அங்கே ஒழுங்காக ஓடினால் கோளாறு உங்கள் லைனில்தான்.

பைபரில் இதற்கு இணையான சோதனை லேன் கேபிள். வை-ஃபையை அணைத்துவிட்டு கம்ப்யூட்டரை ரூட்டருடன் கேபிளால் இணையுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ரூட்டரின் முகவரிக்கு பிங் கட்டளை கொடுங்கள். பல ரூட்டர்களில் இந்த முகவரி 192.168.1.1. பதில் விடாமல் வந்தால் ரூட்டர் வரை சரி. அடுத்து 8.8.8.8 என்ற முகவரிக்குக் கொடுங்கள். அங்கிருந்தும் பதில் வந்து, இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள். கேபிளில் நன்றாக ஓடி வை-ஃபையில் மட்டும் அறுந்தால் ரூட்டரை இடம் மாற்றுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

பிழை எண்ணைப் படியுங்கள்

விண்டோஸ் எக்ஸ்பியில் டயல் செய்யும்போது வரும் பிழை எண்ணைப் பலர் படிக்காமலே மூடிவிடுவது வழக்கம். உண்மையில் அது கோளாறு இருக்கும் துண்டையே காட்டிவிடும். 680 என்றால் டயல் டோன் இல்லை; மோடத்துக்கும் சுவருக்கும் இடையிலிருந்து தேட வேண்டும். 676 என்றால் எதிர்முனை பிஸி. 678 என்றால் எதிர்முனை பதில் தரவில்லை. 691 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. அதாவது, அந்தக் கேள்வியைக் கேட்கும் இடம் வரை லைன் நன்றாகவே இருக்கிறது!

பைபர் பெட்டியில் இந்த வேலையை விளக்குகள் செய்கின்றன. எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பானால் ஒளியே வந்து சேரவில்லை; கேபிள் அறுந்திருக்கலாம் அல்லது மடங்கியிருக்கலாம். பான் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் பெட்டி இன்னும் எதிர்முனையில் பதிவாகவில்லை. இரண்டும் சரியாக இருந்து இன்டர்நெட் மட்டும் இல்லையென்றால் பிபிபிஓஇ பெயர், பாஸ்வேர்டைச் சரிபாருங்கள். இது பழைய 691-ன் தம்பி.

வேகம் சொல்லும் உண்மை

டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் நம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக மாற்றுகிறது. மொத்தம் 64 கிலோபிட். 1998-ல் வந்த வி.90 மோடம்கள் இதைப் பயன்படுத்தித்தான் 56 கிலோபிட் வரை எட்டின. ஆனால் ஒரு நிபந்தனை: பாதையில் அனலாக்-டிஜிட்டல் மாற்றம் ஒரே ஒருமுறைதான் இருக்கலாம். கிராம எக்ஸ்சேஞ்சுக்கும் நகரத்துக்கும் இடையில் இன்னொரு மாற்றம் இருந்தால் வேகம் 33.6-ஐத் தாண்டாது. எவ்வளவு விலை கொடுத்து மோடம் வாங்கினாலும் பலன் இல்லை. எப்போதும் 33.6-க்குள் நின்றால் பாதையின் அமைப்பைச் சந்தேகிக்கலாம். ஒருநாள் 48, மறுநாள் 26 என்று மாறினால் லைனில் இரைச்சல்.

செம்புக் கம்பியையே தவிர்த்த வழி ஒன்றும் தமிழ்நாட்டில் இருந்தது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு உருவாக்கிய கோர்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பம் அது. 2001-ல் தொடங்கிய திட்டத்தில் மதுரை மாவட்டம் மேலூர் பகுதிக் கிராமங்களின் இன்டர்நெட் மையங்கள் இதன் மூலம் இணைந்தன. வேகம் 35 அல்லது 70 கிலோபிட்தான். ஆனால் சுவரிலிருந்தே டிஜிட்டல் என்பதால் மோடமே தேவையில்லை.

பைபரில் பார்க்க வேண்டிய எண் ஒளியின் அளவு. ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் பெரும்பாலும் இது கிடைக்கும். ஜிபான் இணைப்பில் பொதுவாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 குறைவுக்கும் ஒளி பாதியாகிறது. எனவே மைனஸ் 27-ஐ நெருங்கினால் இணைப்பு வந்து வந்து போகும். பைபர் முனையைக் கழற்றி உள்ளே கண்ணால் பார்க்க மட்டும் கூடாது.

நோட்டில் எழுதுங்கள்

இணைப்பு அறும் நேரத்தை ஒரு வாரம் குறித்து வையுங்கள். கூடவே மழையா, கரண்ட் போனதா, எந்த விளக்கு எரிந்தது என்பதையும் எழுதுங்கள். டயல்-அப்பில் சும்மா விட்ட 20 நிமிடத்தில் அறுந்தால் அது கோளாறே அல்ல, விண்டோஸ் அமைப்பு. வெளியிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் அறுந்தால் கால் வெயிட்டிங். மழைக்குப் பின் மட்டும் என்றால் ஜாயின்ட். பைபரிலும் அப்படியே: கரண்ட் போகும்போதெல்லாம், உங்கள் ரூட்டருக்கு யுபிஎஸ் இருந்தும் அறுந்தால், எதிர்முனைப் பெட்டியின் பேட்டரியைச் சந்தேகியுங்கள். தினமும் இரவு எட்டு மணிக்கு மட்டும் மந்தமானால் நெரிசல்.

இந்த நோட்டுதான் உங்கள் புகாருக்குப் பலம். "நெட் சரியில்லை" என்றால் "ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்ற பதிலே கிடைக்கும். "மூன்று நாளாக மழைக்குப் பின் எல்.ஓ.எஸ். சிவப்பாகிறது, லேன் கேபிளிலும் சோதித்துவிட்டேன், ஒளி அளவு மைனஸ் 28" என்று சொல்லிப் பாருங்கள். வருபவர் எந்தக் கம்பத்தில் ஏற வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வருவார். புகார் எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பங்களைக் கடைசி நாள் வரை தள்ளாமல் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். அவசரத்துக்கு மொபைல் ஹாட்ஸ்பாட் வேலை செய்கிறதா என்று இன்றே ஒருமுறை சோதித்து வைப்பதும் நல்லது.