பழவேற்காட்டு ஏரியும் 'பாடு' என்னும் வழக்கும்

தமிழ்ச் சொற்களுட் சில, ஒரு பொருளோடு நில்லாது பல பொருள் தாங்கி வருவன. 'பாடு' என்பது அவற்றுள் ஒன்று. உழைப்பும் பாடு; உழைப்பினால் வரும் வருத்தமும் பாடு. பெருமைக்கும், இடத்திற்கும், கூறுக்கும்கூட இச்சொல் உரியதென அகராதி கூறும். வகுப்பறையில் இப்பொருள்களை வரிசையாக எழுதி மனப்பாடஞ் செய்த யான், அவை பலவும் ஒருங்கே கூடி வாழும் ஓர் ஊர் உண்டென்பதைச் சென்ற விடுமுறையிலேதான் அறிந்தேன். அது சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காடு. ஏரியில் இறாலுக்கு வலையிடும் உரிமையை அவ்வூர் மீனவர் தமக்குள் வகுத்துக்கொள்ளும் முறைக்குப் 'பாடு' என்றே பெயர். அம்முறை யாது, அதனால் விளையும் நன்மை யாது, அதன் குறை யாது என்பவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரியும் ஊர்களும்

ஏரி என்றவுடன் மழைநீர் தேங்கும் நீர்நிலையென எண்ணற்க. இஃது உவர்நீர்க் காயல். நம் நாட்டில் ஒடிசாவின் சிலிகைக் காயலுக்கு அடுத்தபடியாகப் பெரியது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடக்கும் இதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சார்ந்தது. சிறீஅரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு இதனையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்கின்றது. தெற்கே ஆரணியாறும், வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் நன்னீர் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகும். ஐப்பசி கார்த்திகையில் நன்னீர் மிகும். கோடையில் உப்பு மிகும். கடலிற் பிறந்த இறாற் குஞ்சுகள் நீரேற்றத்தோடு உள்ளே வந்து, ஆழமில்லாத சேற்றுப் பரப்பில் இரைதேடி வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புவன. ஆகவே, அவை வந்துபோகும் வழியாகிய முகத்துவாரத்தை அடுத்த நீர்ப்பரப்பே இறால் வலைக்குச் சிறந்த இடம். இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டால் பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

பழவேற்காடு பல நாட்டாரும் வந்துபோன துறை. போர்த்துக்கேயருக்குப் பின் வந்த டச்சுக்காரர் 1613இல் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். இடையிடையே கைமாறிய இவ்வூர் 1825இல் ஆங்கிலேயர்க்கு முற்றிலும் உரியதாயிற்று. கோட்டை இன்று இல்லை. டச்சுக்காரரின் கல்லறைகளும், கோட்டைக்குப்பம் என்னும் ஊர்ப்பெயரும் அந்நாளை நினைவூட்டுகின்றன. இங்கு வாழ்வோரும் பலதிறத்தினர். பனையோலையால் பெட்டியும் தட்டும் முடைந்து விற்கும் முகம்மதியப் பெண்டிர் உளர். வலையுமின்றிக் கையினாலேயே நீருள் தடவி இறால் எடுக்கும் இருளர் உளர். தோட்டுக்குப் போகாது ஏரியிலும் கடலிலும் வலைவீசியே வாழும் பட்டினவர் குப்பங்கள் பல உள. நெய்தல் நிலத்துப் பரதவரைப் பற்றி நூல்களிற் கற்கும் நாம், அவர்தம் தொழில் வழிவந்தோரை ஒரு பேருந்துப் பயணத்தில் கண்டு பேசலாம் என்பதை மறந்துவிடுகின்றோம்.

பாடு நடைபெறும் முறை

முகத்துவாரத்தை அடுத்த பாட்டு நீரில் வழிவழியாக உரிமை கொண்டாடுவன கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்னும் மூன்று பட்டினவர் ஊர்கள். மாதாகுப்பத்தார் கிறிஸ்தவர், மற்றையோர் பெரும்பாலும் இந்துக்கள். கோயில் வேறாயினும் பாடு ஒன்றே.

நல்ல இடங்கள் சில, வலையுடையோர் பலர். எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்திற் சென்றால் வலையோடு வலை சிக்கும்; பின்னர்க் கையோடு கை சிக்கும். இதனைத் தவிர்க்க, பாட்டு நீர் பல இடங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஊர்கள் தம்முள் நாள்முறை வைத்து அவ்விடங்களை மாறிமாறிப் பெறும். ஓர் ஊரின் முறை வந்தபொழுது அவ்வூருள் யார் எவ்விடத்திற் சுற்றுவலை கட்டுவது என்பதைச் சீட்டு முடிவு செய்யும். இன்று நல்ல இடம் பெற்றவன் அடுத்த சுற்றில் மெலிந்த இடம் பெறுவான். இன்று மெலிந்தவனுக்கு நாளை நல்லது வாய்க்கும். செல்வனுக்கும் வறியனுக்கும் சீட்டு ஒன்றே; அதற்குக் கண்ணில்லை. முறை தவறி வலையிட்டவனை ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டி விசாரித்துத் தண்டம் விதிக்கும்.

பாட்டில் இடம்பெறத் தகுதி யாது? அவ்வூர்ப் பட்டினவனாக இருத்தல் வேண்டும். ஆணாக இருத்தல் வேண்டும். மணமாகிக் குடும்பத்தானாக இருத்தல் வேண்டும். இங்ஙனம் ஊர்க் கணக்கில் ஏறிய ஒவ்வொரு குடும்பத்தானையும் 'தலைக்கட்டு' என்பர். ஊர்வரி கொடுப்பவனும் அவனே. பாடு பெறுபவனும் அவனே.

என் வகுப்புத் தோழன் ஒருவனுடைய மாமனார் முறையினர், முதியவர், படகோரத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். "ஐயா, பிடித்த மீனையே எல்லாரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளலாகாதா? இடத்தைப் பங்கிடுவது ஏன்?" என்று வினவினேன். அவர் சிரித்தார். "தம்பி, மீனைப் பங்கு போட்டால் பாடுபட்டவனும் தூங்கினவனும் ஒன்றாகிவிடுவான். இடத்தைப் பங்கு போட்டால் சண்டையும் இல்லை, சோம்பலும் இல்லை. சீட்டு இடத்தைத்தான் கொடுக்கும்; மீனை அவனவன் கைதான் கொடுக்க வேண்டும்" என்றார். வாய்ப்பைச் சமமாக்கி முயற்சியைத் தனியாக்கும் இந்நுட்பத்தைப் பொருளியல் நூலில் பல பக்கங்களிற் படித்தும் அத்துணைத் தெளிவாக யான் உணர்ந்ததில்லை.

பிறவிடத்து ஒப்புமை

இவ்வழக்கு பழவேற்காட்டிற்கு மட்டும் உரியதன்று. கொச்சிக் காயலில் ஊன்றுவலை இடுவோரிடையும் 'பாடு' என்ற பெயராலேயே இத்தகைய முறை உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் காயலில் கட்டுவலை கொண்டு இறால் பிடிக்கும் மீனவர் நான்கு சங்கங்களாக அமைந்து, சீட்டின் வாயிலாக இடம் பெறுகின்றனர். அங்கும் மணமான ஆண்மகனாய், கத்தோலிக்கனாய், அம்மரபிற் பிறந்தவனாய் இருத்தலே தகுதி.

சீட்டினால் நீதி காணுதல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறித்த கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியத்தாரைத் தேர்ந்தனர். நாம் இதனைப் பெருமையோடு பேசுகின்றோம், பேசுதலும் தகும். ஆயினும் அக்கல்வெட்டே, யார் பெயர் குடத்தில் இடத்தக்கது என்பதற்கு நிலமும் வீடும் வயதும் கல்வியுமாகிய வரம்புகளையும் கூறுகின்றது. ஆகவே ஓர் உண்மை புலனாகின்றது: சீட்டு, குடத்திற் பெயருள்ளோர்க்கு மட்டுமே நீதி செய்யும். பெயரில்லாதார்க்கு அது மௌனமே.

குடத்திற்கு வெளியே நிற்போர்

இவ்வளவைகொண்டு பழவேற்காட்டைப் பார்ப்போமாயின், பாட்டின் அழகோடு அதன் குறையும் தோன்றும். ஏரியை நம்பி வாழும் ஊர்கள் மூன்று மட்டுமல்ல. பாட்டுரிமை இல்லாத ஊரார் வேறிடத்தும் வேறு வலைகொண்டும் பிழைக்கின்றனர். இறால் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கி விலை ஏறியபின், முகத்துவாரத்து நீருக்கு அவர்களும் உரிமை கோரினர். அதனாற் பூசல்களும் எழுந்தன. இருளரோ எந்தப் பட்டியலிலும் இல்லை. மார்பளவு நீரில் நின்று, ஓலைப்பையைப் பல்லாற் கவ்விக்கொண்டு, இரு கையாலும் சேற்றைத் தடவி எடுக்கும் சிற்றிறாலே அவர் ஊதியம்.

பெண்டிர் நிலையும் எண்ணத்தக்கது. ஆடவர் பிடித்ததைக் காசாக்குவோர் அவரே. விடியுமுன் மீனை ஏலத்தில் எடுத்துக் கூடையிற் சுமந்து பொன்னேரிக்கும் சுற்றூர்களுக்கும் செல்வர். அங்ஙனம் கூடையோடு பேருந்திற்குக் காத்திருந்த அம்மையார் ஒருவரிடம் தலைக்கட்டைப் பற்றிக் கேட்டேன். "தலைக்கட்டு என்று ஆம்பளையைத்தான் சொல்லுவார்கள், தம்பி. கூடை சுமக்கிறது என்னவோ என் தலைதான்" என்றார். யான் விடையிறுக்க அறியாது நின்றேன்.

நீர் குறையின் சீட்டு என் செய்யும்?

பாடு இரண்டு காலில் நிற்பது. ஒன்று, உரியோர் யாவரும் கணக்கில் ஏறுதல். மற்றொன்று, பங்கிடுதற்கு நீர் இருத்தல். முன்னதன் குறையைக் கண்டோம். பின்னதற்கு வந்துள்ள இடர் அதனினும் பெரிது.

மழை குறைந்த காலத்தில் மணல் மூடி முகத்துவாரம் தூர்ந்துவிடும். அப்பொழுது இறால் வரவும் இல்லை, படகு கடலுக்குப் போகவும் வழியில்லை. சிறீஅரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ஏவூர்திகள் ஏவப்பட்டு வருகின்றன. உலகம் வானை நோக்கிக் கைதட்டும் அந்நாட்களில் இம்மீனவர் கடலுக்குச் செல்லத் தடை. தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட மணற்றிடலில் உள்ளது காட்டுப்பள்ளி. அங்கே துறைமுகம் அமைந்தபொழுது காட்டுப்பள்ளிக் குப்பத்தார் தம் பழைய கரையை விட்டு இடம்பெயர நேர்ந்தது. ஏறத்தாழ 330 ஏக்கர் பரப்புடைய அத்துறைமுகத்தை 6,111 ஏக்கர் அளவிற்கு விரிக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடைபெறவிருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள், எதிர்ப்பின் நடுவே தள்ளிவைக்கப்பட்டன.

மீனவர் அஞ்சுவது வீணோ எனின், அன்று. நம் கீழைக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. கடலுள் கற்சுவர் எழுப்பின், தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கப்படும். சென்னைத் துறைமுகம் எழுந்தபின் அதன் தெற்கே மெரீனா அகன்றதும், வடக்கே இராயபுரக் கரை அழிந்ததும் யாவரும் அறிந்ததே. காட்டுப்பள்ளிக்கு வடக்கே கடலையும் ஏரியையும் பிரிப்பது மெல்லிய மணற்றிடல். அதனைக் கடல் உடைக்குமாயின் ஏரி ஏரியாக இராது, பாடும் இராது. இல்லாத இடத்திற்குச் சீட்டுப் போடுவார் யார்?

இங்கு நடு அமெரிக்காவிலுள்ள பனாமா நாட்டின் குணா மக்களை நினைத்தல் பொருந்தும். கரையை அடுத்த சிறு தீவுகளில் வாழும் அவர்களும் மீன்பிடிப்போரே. ஊர்தோறும் கூட்ட மண்டபம் ஒன்று உண்டு. பொதுச்செயல் யாவும் அங்கே பேசி முடிக்கப்படும். மணமான ஆடவன் மனைவி வீட்டிற்குச் சென்று வாழ்தல் அவர் வழக்கம். 1925இல் அவர்கள் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். 1938இல் அவர்தம் நிலமும் கரையும் தன்னுரிமைப் பகுதியெனச் சட்டத்தால் ஏற்கப்பட்டன. நம் மீனவர் பாடோ எழுதா வழக்கு. ஊரார் நெஞ்சில் அது சட்டம். நிலத்தை அளந்து வரைபடம் வரைவோர்க்கு அது வெறும் நீர். ஆயினும் எழுதிய சட்டமும் முழுக் காவலாகாது. கடல்மட்டம் உயர்தலால் கார்டி சுக்துப் என்னும் தீவின் குணா குடும்பங்கள் ஏறத்தாழ 300, 2024இல் பெருநிலத்திற்குக் குடிபெயர்ந்தன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பாடு என்பது அறியாமையின் எச்சமன்று, நெடுங்காலத்துப் பட்டறிவின் பயன் என்பது விளங்கும். அதனைக் காத்தல் வேண்டுமெனின் மூன்று செயல்கள் வேண்டும். ஏரியின்மேல் மீனவர்க்குள்ள வழக்குரிமை ஏட்டில் ஏறுதல் வேண்டும். ஏரியைத் தொடும் எத்திட்டமும் ஊர்க்கூட்டத்தின் முன் வைத்துப் பேசப்படுதல் வேண்டும். ஊர்க்கூட்டமும் தன் குடத்தைச் சற்று அகலமாக்கி, பெண்டிர்க்கும் இருளர்க்கும் ஏனை ஊரார்க்கும் சொல்லுரிமை அளித்தல் வேண்டும். தன்னுள் நீதியை விரித்த ஊரே வெளியாரிடம் நீதியை உரத்துக் கேட்க வல்லது.

யான் திரும்பும்பொழுது மாலை நீரேற்றம் தொடங்கியிருந்தது. முதியவர் பொத்திய வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். அன்றிரவு அவர் முறை. "இடம் எப்படி, ஐயா?" என்றேன். "சுமாரான இடந்தான், தம்பி. அடுத்த தடவை நல்லது வரும்" என்று கூறித் துடுப்பை ஊன்றினார். அந்த அடுத்த தடவை அவர் பேரனுக்கும் உளதாதல் வேண்டும்.