தானே எடுத்த புத்தகம்

குழந்தையை நூலகத்துக்கு அழைத்துப் போகும் பெற்றோர் பலர், திரும்பும் வழியில் கேட்பது ஒன்றுதான்: “எத்தனை புத்தகம் படிச்சே?” எழுத்துக் கூட்டத் தெரியாத மூன்று வயதிலேயே குழந்தை அங்கே வேறொன்றைக் கற்கத் தொடங்கிவிடுகிறது. அது, தேர்ந்தெடுப்பது.

உண்பது, உடுத்துவது, படிக்கும் பள்ளி எல்லாம் பெரியவர்கள் முடிவு. நூலக அலமாரி முன்னால் முடிவு குழந்தையுடையது. யானைப் படம் போட்டதை எடுக்கும், நாலு பக்கம் புரட்டும், வைத்துவிட்டு ரயில் படத்தை எடுக்கும். கடையில் விலை தடுக்கும். பள்ளியில் தேர்வு தடுக்கும். இங்கே பிடிக்காததைத் திருப்பி வைக்க யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். தன் ரசனை எதுவென்று பிள்ளை அறிவது இப்படித்தான்.

இந்தச் சுதந்திரத்துக்காக உழைத்தவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், வாசகர்கள் தாமே அலமாரியிலிருந்து எடுக்கும் திறந்த முறையை அங்கே கொண்டுவந்தார். நூலகவியலுக்கென 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை. ஐந்து வயது வாசகருக்கும் இவை பொருந்தும்.

அடுத்த பாடம், பொதுப்பொருள். தேடி வந்த புத்தகத்தை வேறொரு பிள்ளை எடுத்துப் போயிருந்தால் காத்திருக்க வேண்டும். தான் எடுத்ததைக் கிழிக்காமல், மடிக்காமல், தவணைக்குள் கொடுக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவர் அதற்காகக் காத்திருக்கலாம் என்பது அறிவுரையாக இல்லாமல் அனுபவமாகவே புரிகிறது.

பிறகு, தேடும் வழி. பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி தசம முறையில் அடுக்கிய நூலகத்தில் பறவைகளுக்கு 598. அந்த எண்ணைப் பிடித்த பிள்ளை, அடுத்த முறை நேரே அங்கே போகும். கிடைக்காவிட்டால் நூலகரிடம் வாய்திறந்து கேட்கும். கூச்சம் விட்டுப் போவதும் படிப்புதான்.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அந்த வசதி கிளை நூலகங்களுக்கும், ஊர்ப்புற நூலகங்களுக்கும் வர வேண்டும். பெரிய கட்டடம் தேவையில்லை. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், பூட்டாத ஓர் அலமாரி போதும். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியே, சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். கேட்க நமக்கு உரிமை உண்டு.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று: அலமாரி வரை கூடப் போங்கள்; எடுப்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள்.