கடைசி ஆண்டின் இருபது நிமிடம்

பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளை நான்காம் ஆண்டில் கால் வைத்ததும் வீட்டுக்கு வருவது குறைந்துவிடும். தீபாவளிக்கு வந்தாலும் மடிக்கணினியும் கையுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பான். "என்னடா அப்படி வேலை?" என்று கேட்டால், "எஃப்.ஒய்.பி.ம்மா" என்று பதில் வரும். மேற்கொண்டு கேட்கத் தாய்க்குத் தயக்கம். விளக்கிச் சொல்லப் பிள்ளைக்குப் பொறுமை இல்லை. இடையில் ஒரு நாள், "சாமான் வாங்க முந்நூறு வெள்ளி வேண்டும்" என்று தொலைபேசி வரும். எதற்கு என்று தெரியாமலே அப்பா அனுப்பி வைப்பார்.

அது எதற்கு என்று பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எஃப்.ஒய்.பி. என்பது இறுதியாண்டுத் திட்டம். நம் நாட்டில் பொறியியல் பட்டப்படிப்பு நான்காண்டுக் காலம். மூன்றாண்டுகள் பாடம் கேட்டுப் பரீட்சை எழுதிய மாணவன், நான்காம் ஆண்டில் ஒரு சிக்கலைத் தானே எடுத்துக்கொண்டு அதற்கு வழி காண வேண்டும். இதைத் தனியாகச் செய்ய வேண்டும். இது போதாதென்று, நாலைந்து பேர் குழுவாகச் சேர்ந்து ஒரு கருவியையோ கட்டடத்தையோ முழுமையாக வடிவமைக்கும் திட்டமும் உண்டு. பொறியியல் பட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் மன்றம் இவ்விரண்டையும் கட்டாயமாக்கியிருக்கிறது. 2009ஆம் ஆண்டு மலேசியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பு நாடாயிற்று. அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள், அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டங்களை ஒன்றுக்கொன்று சமமாக ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே, "பாவம், ஏழைப் பிள்ளை" என்று யாரும் இங்கே மதிப்பெண் போட்டுவிட முடியாது.

வேலை எப்படி நடக்கிறது? முதலில் சிக்கல் என்ன என்று எழுத வேண்டும். பிறகு அதைத் தீர்க்க மூன்று நான்கு வடிவங்களை வரைந்து, எடை, விலை, பாதுகாப்பு, செய்வதற்கு எளிமை என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட வேண்டும். செய்து பார்த்து, சோதித்து, அறிக்கை எழுத வேண்டும். கடைசியில்தான் அந்த நாள் வரும். விரிவுரையாளர்கள் முன்னால் அமர்ந்திருப்பார்கள். சில சமயம் நிறுவனங்களில் வேலை செய்யும் பொறியாளர்களும் வந்திருப்பார்கள். பதினைந்து இருபது நிமிடம் பேச வேண்டும். பிறகு கேள்விகள். அநேகமாக எல்லாக் கேள்விகளும் 'ஏன்' என்றே தொடங்கும். ஏன் இந்த உலோகம்? ஏன் இந்த அளவு? உடைந்தால் யார் மீது விழும்?

இப்படி ஏன் குடைய வேண்டும் என்று சிலர் கேட்கலாம். 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 48 உயிர்கள் போயின. கட்டடத்தின் பின்னால் இருந்த மலைச்சரிவில் வடிகால் ஒழுங்காக இல்லை. தடுப்புச் சுவர் மண்ணைத் தாங்கவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்ற கேள்விக்கு ஒருவர் சரியான பதில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைத்தான் வகுப்பறையில் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறார்கள்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவன் ஒருவன் அழைத்ததால், இப்படி ஒரு நிகழ்ச்சியைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. அவன் செம்பனைத் தோட்டத்துப் பையன். தகப்பனார் குலை வெட்டுகிறார். அவனுடைய குழு எடுத்துக்கொண்ட பொருள், உயரமான மரத்தில் குலை வெட்டும் அரிவாள் கம்பம்.

அந்தக் கம்பத்தின் பாரம் நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இளமரமாக இருக்கும்வரை உளி போதும். மரம் வளர வளரக் கம்பமும் வளர்கிறது. கழுத்தும் தோளும் நோகின்றன. வெட்டுக்காரர் தோள் அறிந்த இந்த விஷயத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கம்பத்தின் ஒரு முனையை இறுகப் பிடித்துக் கிடையாக நீட்டினால் மறுமுனை தன் பாரத்தாலேயே தொய்யும். அதே பருமனில் நீளத்தை இரு மடங்காக்கினால் தொய்வு இரு மடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது! பையன் இதைத் திரையில் காட்டியபோது எனக்கே வியப்பாக இருந்தது. மலேசியச் செம்பனை வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' என்னும் இயந்திர அரிவாளில் இயந்திரத்தைக் கீழ்முனையில் வைத்திருப்பதும், மேல்முனையில் பாரம் கூடாது என்பதை மனத்தில் வைத்துத்தான்.

கேள்வி நேரம் வந்தது. ஓர் அம்மையார் கேட்டார்: "அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். தோட்டத்தின் மேல் மின்கம்பி போனால்?" குழுவில் மற்ற மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நம் பையன் முன்னால் வந்தான். தன் தகப்பனார் வெட்டும் நிரையின் ஓரத்தில் மின்கம்பி போகிறது என்றும், அங்கே கம்பத்தைத் தூக்கும் முன் மண்டோர் எச்சரிப்பார் என்றும், அதனால்தான் பிடிக்கும் பகுதியைக் கண்ணாடி இழையால் செய்யச் சொன்னதாகவும் சொன்னான். அவர் விடவில்லை. "மழையில் நனைந்திருந்தால்?"

"அதை நாங்கள் இன்னும் சோதிக்கவில்லை, டாக்டர். சோதிக்கும் வரையில் மின்கம்பிக்கு அருகில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறோம்."

அம்மையார் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். தெரியாததைத் தெரிந்ததாகப் பூசி மெழுகியிருந்தால் அடுத்த கேள்வியில் அகப்பட்டிருப்பான்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. தொடக்கத்தில் பேசியபோது, "தொழிலாளர்கள் சிரமப்படுகிறார்கள்" என்று யாரோ தூரத்து மனிதர்களைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னான். நெருக்கிக் கேட்ட பிறகே தகப்பனார் வெளியே வந்தார். வெளியில் தேநீர் குடிக்கும்போது, "ஏன் தம்பி, முதலிலேயே சொல்லக் கூடாதா?" என்றேன். "வெட்கமாக இருந்தது சார்" என்றான். அறை முழுவதிலும் அந்தக் கம்பத்தைப் பற்றி வீட்டிலிருந்தே அறிந்து வந்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் நூலகத்தில் தேடியதை அவன் சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்தவன்!

இந்த வெட்கத்தில் நமக்கும் பங்கு உண்டு. "நான் படும் பாடு உனக்கு வேண்டாம், நீ படி" என்று வேலையைப் பற்றிய பேச்சையே பிள்ளைகளிடம் எடுக்காத பெற்றோர் பலர். வேலைக்குப் பிள்ளை போக வேண்டாம், சரி. வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் வேண்டாமா? உதிரிப் பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் இடுப்பு ஏன் ஒடிகிறது, தள்ளுவண்டி சேற்றில் ஏன் மூக்கை நுழைக்கிறது, பால்மரத்தை ஏன் விடியும் முன் வெட்டுகிறோம், பட்டையில் எவ்வளவு ஆழம் போனால் மரத்துக்குக் காயம் என்று உங்களுக்குத் தெரியும். வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் வடிவதும் குறைகிறது என்று புத்தகம் சொல்கிறது. புத்தகத்துக்கு முன்பே அதைக் கையால் கண்டவர்கள் நீங்கள்.

மற்றொரு குறை, பேச்சு. குழுவாகப் பேசும்போது நம் பிள்ளைகள் பின்வரிசைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். கணக்கைப் போட்டவன் நம் பையனாக இருப்பான். அதை எடுத்துப் பேசுகிறவன் வேறொருவனாக இருப்பான். இதை நான்காம் ஆண்டில் சரிசெய்ய முடியாது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வெளிநாட்டுப் புத்தாக்கப் போட்டிகளுக்குப் போய்ப் பரிசு வாங்கி வருகிறார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டால் ஆசையாக இருக்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்தே எழுந்து நின்று ஒரு பொருளைக் காட்டி இரண்டு நிமிடம் பேசப் பழக்கினால் போதும். என் வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் இதைச் செய்கிறோம். சென்ற மாதம் ஒரு சிறுமி பாட்டியின் பழைய பால்வெட்டுக் கத்தியைக் கொண்டு வந்து, அது ஏன் வளைந்திருக்கிறது என்று மூன்று மொழியிலும் சொல்லிவிட்டாள். மலாயில் இரண்டிடத்தில் தடுக்கியது; யாரும் சிரிக்கவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல துறைகளில் சாமான் செலவுக்குச் சிறு தொகை தருவார்கள். ரசீது இருந்தால்தான் கிடைக்கும். பட்டறையில் பழைய மாணவர்கள் விட்டுப்போன மோட்டார்களும் இரும்புத் துண்டுகளும் கிடக்கும். பொறுப்பாளரைக் கேட்டால் எடுத்துக்கொள்ள விடுவார். அடுத்த முறை முந்நூறு வெள்ளி கேட்டுத் தொலைபேசி வந்தால், அனுப்புவதற்கு முன் இவ்விரண்டையும் விசாரித்தாயா என்று கேளுங்கள். என்ன செய்கிறாய் என்றும் கேளுங்கள். விளங்கும்வரை விடாதீர்கள். உங்களுக்கு விளங்கச் சொல்லத் தெரிந்தவனுக்கு அந்த அறையில் பாதிப் பயம் போய்விடும்.

பல பல்கலைக்கழகங்களில் பேச்சு முடிந்தபின் திட்டங்களையெல்லாம் மண்டபத்தில் கண்காட்சியாக வைக்கிறார்கள். குடும்பத்தாரும் வரலாமா, எந்த நாள் என்று பிள்ளையிடம் கேட்டு, முன்கூட்டியே கிராணியிடம் விடுப்புச் சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கள்.